தகடு நுழையும் இடம்

நான் வந்தது அளக்க, கும்பிட அல்ல.
அப்ருட்ஸோ மலையில் எண்பது வீடு, ஒரு கோயில்,
கோயிலுக்குள் கல்லில் ஒரு பிரசங்க பீடம்.
என் பையில் எஃகுத் தகடுகள்,
மயிரிழையில் தொடங்கி விரல் கனம் வரை.
விரிசலுக்குள் விட்டுப் பார்ப்பேன்.
நுழைந்தால் எழுதிக்கொள்வேன்.

விளிம்பில் எழுத்து: பெரார்தோ என்னைச் செய்தான்.
மீதி உடைந்துவிட்டது.

படிக்கட்டின் பக்கச் சுவரில்
யோனாவை மீன் விழுங்குகிறது.
கடலைக் காணாதவன் செதுக்கிய மீன்:
நாய்க் காது, பன்றி மூக்கு,
வால் மட்டும் ஏதோ ஆற்றுக் கெண்டையுடையது.
யோனாவின் ஒரு கால் இன்னும் வெளியே.
பெருவிரலில் செருப்பு தொங்குகிறது,
விழப்போவதுபோல், எண்ணூறு வருடமாக.

மேலே பன்னிரண்டு அப்போஸ்தலர்
கஞ்சி போட்டு உலர்த்திய துணிபோல் விறைத்து வரிசையாக.
அந்தக் காலத்தில் அதுதான் மரியாதை.
உடம்பைக் கல்லுக்குள் விட்டுவிட்டு
அங்கியை மட்டும் வெளியே எடுப்பார்கள்.

தூண்கள் நான்கு.
இரண்டு சிங்கங்களின் முதுகில், ஒன்று வெறுந்தரையில்,
நாலாவது
குந்தியிருக்கும் ஒருவனின் தோளில்.

அவனிடம் வந்ததும் பெரார்தோவின் உளி
வேறு யாருடைய கைக்கோ போனதுபோல் இருக்கிறது.
கழுத்து நரம்பு புடைத்து,
வாய் ஒரு பக்கம் கோணி,
விலா எலும்பு எண்ணலாம்.
கால்விரல்கள் தரையைக் கவ்வியிருக்க
சுண்டுவிரல் மட்டும் பிடி தவறி மேலே.
மூட்டை தூக்கிய எவனுக்கும் அது தெரியும்.
பரிசுத்தவான்களுக்குக் கொடுக்காத உடம்பை
பெயரில்லாத இவனுக்குக் கொடுத்திருக்கிறான்.

பெயரை ஊர் கொடுத்தது: மின்குச்சோ.
சாவி வைத்திருக்கும் அசுந்தீனா சொன்னாள்:
"பிரசங்கத்தை யார் கேட்டார்கள்?
எப்போது கீழே போடுவான் என்று
இவனைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்."

ஆக மெல்லிய தகட்டை எடுத்தேன்.
தோளுக்கும் தூணின் அடிக்கும் நடுவில் வைத்தேன்.
நுழைந்தது.
தடையே இல்லாமல் போய்
அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது.

எனக்குச் சிரிப்பு.
சிங்கங்களும் சுவரும் போதும் இந்தப் பீடத்துக்கு.
இவன் எதையும் சுமக்கவில்லை, அம்மா,
எண்ணூறு வருடமாக நடிக்கிறான்.
அசுந்தீனா உதட்டில் விரல் வைத்தாள்.
"மெல்லப் பேசு. அவனுக்குத் தெரியாது."

அக்டோபரில் இருபத்திரண்டு நொடி.

மறுபடி போனபோது வீடுகள் முப்பது.
மணி கூரையைத் துளைத்துக்கொண்டு
ஞானஸ்நானத் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தது.
தீயணைப்புக்காரர்கள் எனக்கு ஒரு தலைக்கவசம் தந்து
கால்மணி நேரம் என்றார்கள்.
சுவர் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது.
ஒரு சிங்கம் இரண்டாகப் பிளந்து கிடந்தது.
பீடம் நின்றது.

அதே தகடு. அதே தோள்.
இடப்பக்கம் வைத்தேன், போகவில்லை.
வலப்பக்கம், பின்னால்,
மண்டியிட்டுக் கீழிருந்தும்.
தகடு வளைந்தது.

முகத்தை வெளிச்சத்தில் பார்த்தேன்.
அதே கோணல் வாய். அதே நரம்பு.
எதுவும் மாறவில்லை,
மாற வேண்டியதும் இல்லை.
இன்றைய முகத்தை அன்றே செய்துவைத்துவிட்டுப்
போய்ச் சேர்ந்திருக்கிறான் பெரார்தோ.

எத்தனை பாதிரியார்கள் இதன் மேல் ஏறி,
லத்தீனில் பாதி, இத்தாலியனில் பாதி,
எங்களைப் பொறுத்தருளும் பொறுத்தருளும் என்று
கூரையைப் பார்த்துக் கேட்டிருப்பார்கள்!
கூரை இப்போது இல்லை.
பொறுத்துக்கொண்டிருப்பவன்
அவர்கள் காலடியில்.

படிவத்தில் எழுதினேன், இடைவெளி: இல்லை.
மரமுட்டு நாளைக்குத்தான் வரும் என்றார்கள்.
நாளை வரை தாங்குமா என்று கேட்டார்கள்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

அசுந்தீனா இரவு உடுப்பின் மேல் ஆண்கள் கோட்டு அணிந்து
தடுப்புக் கயிற்றுக்குக் கீழே நுழைந்து வந்துவிட்டாள்.
அவள் வீடும் போயிற்று என்று பிறகுதான் தெரிந்தது.
மின்குச்சோவைப் பார்க்கவில்லை அவள்,
படிக்கட்டடியில் குனிந்து
சுண்ணாம்புத் தூளுக்குள் எதையோ துழாவினாள்.

கட்டைவிரல் அளவு கல்.
யோனாவின் செருப்பு.

ஊதினாள். கோட்டில் துடைத்தாள்.
பூட்ட ஒரு கதவு மிச்சமில்லாத கோயிலின்
சாவியோடு சேர்த்து
பைக்குள் போட்டுக்கொண்டாள்.